ஆயிரத்து நாற்பது கிலோமீட்டர்

லிஃப்ட் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் கம்பிவடமும் மோட்டாருமாக மல்லுக்கட்டியவளுக்குத் தலைமை மெக்கானிக் வேலை வந்தது. ஆனால் வேறு நகரத்தில். உடனே வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது. தலைமை, கணவனின் அண்ணன். யாரும் அவரை அழைக்கவில்லை. நாட்டாமைக்கு அழைப்பிதழ் எதற்கு?

"ஆயிரத்து நாப்பது கிலோமீட்டர்," என்று கைபேசியைப் பார்த்து அறிவித்தார். "விமானத்துல ஒன்னரை மணி நேரம்னு போட்டிருக்கான். நம்பிடாதே. இங்கேருந்து ஏர்போர்ட் போகவே ஒன்னரை மணி நேரம். அங்க வரிசையில நிக்கணும். இறங்கினா பெட்டிக்கு நிக்கணும். அப்புறம் டாக்ஸி. ஒரு நாள் முழுசாப் போயிடும். அம்மாவுக்கு ஒன்னுன்னா எப்போ வந்து சேருவே?"

மாமியார் பெருமூச்சு விட்டார். கணவன் மதில்மேல் பூனையாக இரண்டு பக்கமும் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை பேசுவான் என்று காத்திருந்தாள். அவன் மறுபடியும் அண்ணன் முகத்தைப் பார்த்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாசல்லேருந்து வாசலுக்கு அஞ்சு மணி நேரம் இருபது நிமிஷம் மாமா," என்றாள். "பெட்டி இல்லைன்னா அதுக்கு நிக்கவும் வேண்டாம்."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா. போய்ப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்."

"போய்ப் பார்த்துட்டேன்."

பெரியவர் கைபேசியைக் கீழே வைத்தார். "எப்போ?"

"போன சனிக்கிழமை. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி இடத்தைப் பார்க்க வேண்டாமா? விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினேன். ஒன்பது இருபதுக்கு அந்த ஆபீஸ் வாசல். மத்தியானம் ஒரு மணிக்கு அங்கேருந்து கிளம்பினேன், ஆறு இருபதுக்கு இங்க. ராத்திரி சாப்பாடு நான்தான் போட்டேன். நீங்களும் வந்திருந்தீங்க. உப்பு கம்மின்னு சொன்னீங்க."

எங்கேயாவது லிஃப்ட் நின்றுபோனால் அவள் விடிவதற்குள் ஓடுவது வழக்கம். அதனால் அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

"யாரையும் கேக்காமலா போனே?" பெரியவருக்குக் குரல் ஏறியது.

"கேட்டிருந்தா இன்னும் இந்த ஹால்லதான் வரிசையில நின்னுட்டு இருப்பேன்."

"எங்கிட்டகூடச் சொல்லலையே," என்றான் கணவன். நிஜமாகவே அடிபட்ட குரல். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அவ்வளவு தூரம் போயிட்டு வந்திருக்கேன். எங்க இருக்கே, சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை இல்லை. வந்தது ஒரே ஒரு மெசேஜ், துண்டு எங்கேன்னு. விமானத்துல உக்காந்துதான் பதில் போட்டேன், கொடியில இருக்குன்னு."

அவன் தலை குனிந்தான். மாமியார் பெரிய மகனைப் பார்த்து, "நீ சும்மா இருடா," என்றார்.

"ஒன்னாம் தேதி சேர்றேன்னு காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன்," என்று எழுந்தாள் அவள். "வாரா வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி வருவேன். இந்தத் தடவையாவது நான் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."