நாக்குக்கு அடியில் மாத்திரை

இருபது வருஷமாகக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து எழுதியவர்தான் டாக்டர். போதையிலிருந்து மீள வருகிறவர்களையும் பார்க்க ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் அதற்கு அவரை விட்டால் வேறு ஆளில்லை.

தினமும் காலையில் அவர் கண்ணெதிரே ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கரையப் பத்து நிமிடம். அதுவரை பேசக் கூடாது. டாக்டருக்கோ வாய் ஓயாது. எதிரே ஆள் ஊமையாக உட்கார்ந்திருப்பது அவருக்கு ரொம்ப வசதி, புத்திமதியை அள்ளி விடுவார்.

லாரிக்காரர் நாலு வருஷமாகத் தவறாமல் வந்தவர். ஒரே ஒரு தடவை மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக் கையும் களவுமாக மாட்டினார். அதிலிருந்து டாக்டருக்கு அவர்மேல் ஒரு கண்.

போதை மருத்துவம் பற்றிப் பேச டாக்டரை நகரத்துக்கு அழைத்தார்கள். மூன்று நாள். மற்றவர்களுக்கெல்லாம் மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பினார். லாரிக்காரருக்கு மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். நாக்கடியில் மாத்திரையோடு லாரிக்காரர் கையைத் தூக்கி ஏதோ கேட்க வந்தார்.

"வாயத் திறக்காதீங்க, கரையட்டும்" என்றார் டாக்டர். மீதியை நர்ஸிடம் விட்டுவிட்டு, வாசலில் நின்ற காரில் ஏறிவிட்டார்.

நகரத்தில் நல்ல கைதட்டல்.

நாலாம் நாள் காலை லாரிக்காரரின் மனைவிதான் வந்தாள். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாராம். மூன்றாம் நாள் பழைய சரக்கைத் தேடிப் போய், பழைய அளவிலேயே ஊசியில் ஏற்றிக்கொண்டார். நாலு வருஷம் விட்டிருந்த உடம்பு தாங்கவில்லை. போய்விட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலையாம்மா?"

"போனாரு சார். உங்க சீட்டு இல்லாமத் தரமாட்டோம்னுட்டாங்க. சீட்டு வேணுமான்னு அன்னைக்கே உங்ககிட்ட கேக்க வந்தாராம். வாயில மாத்திரை இருந்துச்சுன்னாரு."

அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டாக்டருக்கு. சீட்டு எழுத அரை நிமிடம் ஆகியிருக்குமா?

அவள் போன பிறகு கொத்தனார் வந்து மாத்திரையை வைத்துக்கொண்டார். பத்து நிமிடமும் டாக்டர் வாயைத் திறக்கவில்லை. கரைந்ததும், "எதாவது கேக்கணுமா?" என்றார்.

ஒன்றுமில்லை என்று கொத்தனார் எழுந்தார். டாக்டர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, மறுபடியும் கேட்டார்.