பிளான்காரரின் ஒரே படிக்கட்டு

பிளான்காரர் இந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்த கட்டடங்கள் எதற்கும் படிக்கட்டு கிடையாது. எல்லாமே மாடிக் கட்டடங்கள். மாடியில் நாள் தவறாமல் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஊருக்கு மின்விளக்கு வருவதற்குச் சில வருஷம் முன்னால், கட்டடக்கலை படித்து முடித்த கையோடு, சுருட்டிய காகிதங்களும் புது மனைவியுமாக அவர் இங்கே வந்து இறங்கினார். கீழ்த்தளத்தை ஒரு தாளிலும் மேல்தளத்தை இன்னொரு தாளிலும் வரைவது அவர் பழக்கம். கீழ்த்தளத்தை வரையும்போது படிக்கட்டு மேல்தளத் தாளில் வரும் என்று நினைத்துக்கொள்வார். மேல்தளத்தை வரையும்போது அதைத்தான் கீழேயே போட்டாயிற்றே என்று நினைத்துக்கொள்வார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்க, இரண்டு அறை வாடகை வீட்டில் அவருக்கு இடம் இருந்ததில்லை.

முதலில் கட்டியது தபால் ஆபீஸ். கட்டி முடிக்கும்வரை ஆட்கள் சாரத்தில் ஏறி இறங்கினார்கள். சாரத்தைப் பிரித்த பிறகுதான் மாடிக்கு வழியே இல்லை என்பது தெரிந்தது. கொத்தனாரைக் கேட்டால், "பிளான்ல இல்லைங்க" என்று கையை விரித்துவிட்டார். பிளான்காரர் முகத்தில் ஈயாடவில்லை. திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நின்றார்கள். போஸ்ட் மாஸ்டர் மட்டும், வந்த தபால் பிரிக்காமல் கிடக்கிற எரிச்சலில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் மாடி ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. எப்படிப் போனீர்கள் என்று கீழேயிருந்து கத்தினார்கள்.

"எப்படியோ வந்தேன். இங்க வேலை மலையா கிடக்கு, ஆளை விடுங்கய்யா" என்றார்.

விஷயம் அப்படித்தான் புரிந்தது. மாடியில் உண்மையாகவே வேலை இருக்கிறவர் வாசலைத் தாண்டினால் மாடியில் இருப்பார், வேலை முடிந்ததும் கீழே இருப்பார். வேலை இல்லாதவர் எப்போதும் கீழேதான். ஊர் ஒரு வாரம் மூக்கின் மேல் விரல் வைத்தது. மறுவாரம் விரலை எடுத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போனது.

அதன்பிறகு பிளான்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. பள்ளிக்கூடம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, நகரசபை என்று வரிசையாகக் கட்டினார், வரிசையாகப் படிக்கட்டை மறந்தார். யாரும் கேட்கவில்லை. படிக்கட்டுக்கு ஆகிற செங்கல் மிச்சம் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. கோர்ட்டில் பாதிப் பேர், மாடிக்குப் போக முடியாமல் கீழேயே பேசி ராசியாகி வீட்டுக்குப் போனார்கள். நகரசபைத் தலைவர் தன் அறைக்குப் போக முடியாமல் பதவிக்காலம் முழுவதும் வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருமுறை அவமானம் தாங்காமல் ஜன்னலுக்கு ஏணி வைத்து ஏறினார். ஏறி முடித்தபோதும் கீழேதான் இருந்தார். ஆஸ்பத்திரியில் மாமியாரைப் பார்க்கப் பழக்கூடையோடு வந்த ஒரு மாப்பிள்ளை பார்வை நேரம் முழுவதும் கீழேயே நிற்க, மேலே படுத்திருந்த மாமியார் புரிந்துகொள்ள வேண்டியதைப் புரிந்துகொண்டார். அதிலிருந்து, யார் எங்கே மாடிக்குப் போகவில்லை என்பதுதான் ஊருக்குப் பேச்சு.

இத்தனைக்கும் நடுவில் பிளான்காரரின் மனைவி அந்த வாடகை வீட்டிலேயே இருந்தார். படுக்கிற அறையில் வரைபலகை படுத்திருந்தது. அவர் சமையலறையில் படுத்தார். ராத்திரி பகல் பார்க்காமல் வேலைத்தளங்களில் திரிந்த கணவர், சாப்பிட வருகிற நேரத்திலும் கரண்டியால் தட்டில் சுவர் எழுப்பிக்கொண்டிருப்பார். தலையில் நரை தட்டிய வருஷம் அந்த அம்மாள் வாயைத் திறந்து கேட்டார்: "எனக்குன்னு ஒரு மாடி ரூம் கட்டிக் குடுங்க. காத்து வரணும். படிக்கட்டை மட்டும் மறந்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கண்ணும் கருத்துமாக அந்த வீட்டை வரைந்தார். கீழே சமையலறையும் கூடமும், மேலே நாலு பக்கமும் ஜன்னல் வைத்த ஓர் அறை. தாள் இரண்டு, பழக்கம் பழைய பழக்கம். குடிபோன அன்று, கழுத்துவரை துணிமணிகளைச் சுமந்துகொண்டு மனைவி வாசலைத் தாண்டினார், மாடியில் இருந்தார். பின்னாலேயே கையை வீசிக்கொண்டு பிளான்காரர் தாண்டினார். கூடத்தில் இருந்தார்.

முதலில் சிரித்துச் சமாளித்தார். பிறகு வெளியே போய் மறுபடி உள்ளே வந்து பார்த்தார். அக்காவுக்கு ரவிக்கை அளவெடுக்க வந்த தையல்கார மைத்துனர் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டி மாடிக்குப் போய்விட்டு வந்து, "என்ன மாமா, இங்கயே நிக்கிறீங்க?" என்று கேட்டுவைத்தார். பிளான்காரருக்கு உயிரே போய்விட்டது. ஊருக்கே அர்த்தம் தெரிந்த விஷயம் இது. கட்டிய பெண்டாட்டி இருக்கிற அறையில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்று, தான் கட்டிய வீடே சொல்கிறது.

வேலையை உண்டாக்கிப் பார்த்தார். கூஜாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு உள்ளே போனார். கூஜா மேலே போயிற்று, அவர் கூடத்தில் நின்றார். ஜன்னல் கொக்கியைச் சரிசெய்வதாகச் சுத்தியலோடு போனார். "சுத்தியல் வந்துடுச்சு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. மனைவிக்குக் கீழேயும் வேலை இருந்தது, மேலேயும் இருந்தது. சமைக்க வருவார், உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார், கையைத் துடைத்ததும் மாடியில் இருப்பார். ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்குவதையும் அந்த வீடு ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டது.

கடைசியில் பிளான்காரர் கொத்தனாரைக் கூப்பிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படிக்கட்டு வரைந்து கட்டினார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு படிக்கட்டு இந்தப் பக்கத்திலேயே கிடையாது. தேக்குக் கைப்பிடி, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கல். ஊரே வந்து தடவிப் பார்த்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஏறினார். கடைசிப் படியில் காலை வைத்து நிமிர்ந்தால், கூடம். பின்னாலேயே ஏறிய கொத்தனார் மட்டும் மேலே போய்விட்டார். "மேல கொஞ்சம் பூச்சு வேலை பாக்கிங்க" என்று அங்கிருந்து கூச்சத்தோடு சொன்னார். அன்றைக்குப் பிளான்காரர் முதல் படியில் உட்கார்ந்து அழுதார். மனைவி மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் அழுகை வந்தது, ஆனால் கணவரைக் கூப்பிட என்ன சாக்குச் சொல்வதென்று தெரியவில்லை.

படியில் பூந்தொட்டிகள் வந்தன. பிறகு பூனை வந்தது. வருஷங்கள் போயின.

ஊருக்கு ரயில் வருகிறது என்று முடிவானபோது, ஸ்டேஷன் கட்டடத்தை வரையச் சொல்லி ரயில்வேயிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பிளான்காரரைத் தேடி வந்தார். அவர் கட்டியதிலேயே பெரியதாக இருக்கப்போகிற கட்டடம். கூடத்தில் தாள்களை விரித்து, கடிகாரக் கோபுரம் எங்கே வரும் என்று பென்சிலால் காட்டிக்கொண்டிருந்தார். மேலே நாலு ஜன்னலிலும் காற்று அடித்தது. மனைவி துவைத்து உலர்ந்த பெரிய போர்வை ஒன்றை ஒற்றை ஆளாக மடிக்கப் பார்த்தார். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை ஓடிற்று.

"இந்தச் சனியனை ஒரு ஆளா மடிக்க முடியாது போலிருக்கே. இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன்" என்றார், யாரிடம் என்று யோசிக்காமல்.

"இரு, வரேன்" என்று பிளான்காரர் பென்சிலைக் கீழே வைத்தார்.

போர்வையை நீளவாக்கில் மடித்து, உதறி, குறுக்கே மடித்து, முனையை மனைவி கையில் கொடுத்தார். அடுத்த போர்வையையும் எடுத்தார்கள். அது பாதி மடிந்த பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"காத்து வருதா?" என்று மனைவி கேட்டார்.

"நல்லா வருது" என்றார் பிளான்காரர்.

அதிகாரி வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் போனார். ஸ்டேஷனை வெளியூர்க்காரர் ஒருவர் கட்டினார். படிக்கட்டு உண்டு, ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். பிளான்காரர் கீழே இறங்கவே இல்லை. சில வருஷம் கழித்து, ஊருக்கு அவர் செய்த சேவைக்காக நகரசபை ஒரு பதக்கம் கொடுக்க ஏற்பாடு செய்தது. பெரிய கூட்டம் வீட்டு வாசலில் வந்து நின்றது. மைத்துனர் கூடத்திலிருந்து, "மாமா, எல்லாரும் வந்திருக்காங்க, ஒரு நிமிஷம் கீழ வாங்க" என்று கூப்பிட்டார். பிளான்காரர் மரியாதைக்காகச் சட்டையை மாட்டிக்கொண்டு, பூந்தொட்டிகளையும் பூனையையும் மிதிக்காமல், தன் ஒரே படிக்கட்டில் நிதானமாக இறங்கினார். கடைசிப் படியில் காலை வைத்து நிமிர்ந்தார். மாடி அறையில் மனைவி தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதக்கத்தை மைத்துனர் கையில் கொடுத்து வாசலைத் தாண்டச் சொன்னார்கள். அவர் கை காலியாயிற்று.

"பதக்கம் வந்துடுச்சு" என்று மேலேயிருந்து பிளான்காரர் குரல் கொடுத்தார்.

நல்ல கனமான பதக்கம். மடித்த போர்வைகள் காற்றில் கலையாமல் இருக்க அதை மேலே வைத்துக்கொண்டார்கள்.