நம்பர் போடாத அறை

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அந்தப் பண்ணை வீட்டைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் மூத்த மருமகளுக்கு வாய் நிற்காது. கேட்கத்தான் இத்தனை வருஷமாக ஒரு நாதி இல்லை.

புருஷன் போய்ச் சேர்ந்தபின் அவள் அங்கே ஒண்டிக்கட்டை. பிள்ளை குட்டியும் கிடையாது. டவுனில் வசதியாக இருக்கிற கொழுந்தன், எல்லோருக்கும் சின்னவர், திடுதிப்பென்று வந்து இறங்கினார்.

"அண்ணி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. வீட்டை மட்டும் கல்லு கல்லாப் பிரிச்சு, நம்பர் போட்டு, டவுன்ல இதே மாதிரி திருப்பிக் கட்டப்போறேன். பழசு ஒண்ணு விடாம வரும்."

"அப்போ நான்?"

"என்ன அண்ணி இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க அறை என்னிக்கும் உங்களுக்குத்தான்."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டவுனாவது, காடாவது, அந்த அறையில் கண்ணை மூடினால் போதும் அவளுக்கு.

மறுவாரம் பெயிண்ட் டப்பாவோடு இன்ஜினியர் வந்தார். அவருக்கு முன்னால் இவள் நடந்தாள், கல்யாண வீட்டில் சம்பந்தியை அழைத்துப் போகிற மாதிரி.

"முதல்ல இது தானியக் கிடங்கு சார். எங்க மாமனாரோட தாத்தா தானியத்துக்குக் கல் சுவர், மனுஷங்களுக்கு மண் சுவர்னு வச்சார். மனுஷன் நனைஞ்சா காஞ்சிடுவான், தானியம் நனைஞ்சா முளைச்சிடும்பாராம்!"

இன்ஜினியர் சிரித்தார். உத்தரத்தில் ஒரு நம்பர் போட்டார்.

"ஒரு பெருமழையில மண் வீடு கரைஞ்சு போச்சு. எல்லாரும் கிடங்குக்குள்ள வந்து ஒண்டினவங்கதான், அப்படியே தங்கிட்டாங்க. ஜன்னலைப் பாருங்க, ஆள் உயரத்துக்கு மேல. தானியம் எதுக்கு வெளிய பார்க்கணும்? வாசல்ல யார் வந்திருக்கான்னு பார்க்கணும்னா நாங்க முக்காலி போட்டு ஏறணும். நானும் ஏறி ரெண்டு தடவை விழுந்திருக்கேன்."

தூண், நிலைக்கதவு, சுவர்க் கல், மாட்டுத் தொட்டி, எல்லாவற்றுக்கும் நம்பர் விழுந்தது. கடைசியாகப் பின்பக்கத்து அறை.

"இது?"

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "எங்க வீட்டுக்காரர் எனக்காகக் கட்டினது சார். பழைய சுவரோட ஒட்டி மூணு பக்கம் செங்கல் வச்சார், மேல தகரம். அந்த ஜன்னலைப் பாருங்க, எவ்வளவு தாழ! உக்காந்தபடியே வயல் தெரியும். இனிமே நீ ஏறி விழ வேணாம்னார். பொண்டாட்டிக்குத் தனி ஜன்னல் கேக்குதான்னு மாமியார் ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க."

"அப்போ நீங்க வந்தப்புறம் கட்டினது."

"ஆமா சார். செங்கல் எடுத்துக் கொடுத்ததே நான்தானே!"

அவர் டப்பாவை மூடினார்.

"சார், இதுக்கு நம்பர்?"

"பழசு மட்டும்தான்மா. இது பின்னால சேர்த்தது."

லாரி வந்த அன்று அவள் சின்னவரை மடக்கினாள். "தம்பி, என் அறைக்கு நம்பர் போடலையே?"

"உங்க அறையை யாரும் தொடமாட்டாங்க அண்ணி. உங்களுக்கே விட்டுட்டேன். சொன்ன சொல் மாறுவேனா?"

"மாட்டுத் தொட்டிக்கு இருக்கே?"

"அது தாத்தா காலத்துத் தொட்டி. வாசல்ல பூச்செடி வைக்கலாம்."

அடப்பாவி! மாடு தண்ணீர் குடித்த தொட்டிக்கு டவுனில் இடம் உண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியே இடுப்பு ஒடிந்தவளுக்கு இல்லை. அழுதால் அதையும் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

வீடு சரசரவென்று இறங்கியது. கடைசியில் அவள் அறைக்கும் வந்தார்கள். நாலாவது சுவர் பெரிய வீட்டுடையதாயிற்றே, அதற்கு நம்பர் உண்டே! தகரத்துக்கு ஒரு கழியை முட்டுக் கொடுத்துவிட்டுக் கல்லையெல்லாம் உருவிக்கொண்டார்கள். கட்டிலும் கொடியில் கிடந்த பழம்புடவையும் ஊர் பார்க்க நின்றன.

சின்னவர் பார்த்தார். "ஒரு தார்ப்பாய் கட்டிக்கோங்க அண்ணி. காத்து வராது."

லாரி கிளம்பிய பிறகு என்னவோ ஞாபகம் வந்து ஓடிவந்தார். "வாசக்கதவு சாவி உங்ககிட்டயா?"

அவள் இடுப்பில்தான் இருந்தது. முழங்கை நீள இரும்புச் சாவி. கதவு செய்த அன்றைக்கே கொல்லன் அடித்தது. சாகும்போது மாமியார் அவள் கையில் வைத்து மூடியது.

"அந்தச் சாவி எப்பவோ தொலைஞ்சு போச்சு தம்பி. இது நான் வந்தப்புறம் செஞ்சது."

"பழசு இல்லையா?"

"இல்ல."

"அப்ப வேணாம்." போய்விட்டார்.

கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். பொய் எவ்வளவு லேசாக வந்துவிட்டது! இன்ஜினியர் கேட்டபோது இதுவும் மாமனாரோட தாத்தா கட்டினதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பர் விழுந்திருக்கும், அவளும் அறையோடு போயிருப்பாள். புருஷன் அவளுக்காகக் கட்டினார் என்பதை மட்டும் விழுங்கியிருக்க வேண்டும். அதுதான் அவளால் முடியாமல் போயிற்று.

காற்று எழும்பியது. தார்ப்பாய் கட்டக் கயிறு தேடி எழுந்தாள்.