சுத்தமான சதுப்பு

ரிம்மா காலணியைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் வந்து குழந்தையின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். என் பேத்தி அஸ்யா வீறிட்டாள். கஞ்சியில் நான் அப்போதுதான் கலந்து கொடுத்த மோரோஷ்காப் பழ ஜாம் மேசையெல்லாம் மஞ்சளாகத் தெறித்தது.

"என்னடி, பைத்தியமா உனக்கு?"

"இனிமே இத அவளுக்குக் குடுக்காதம்மா. யாருக்குமே குடுக்காத."

எங்கள் ஊர் நிக்கல் உருக்காலைக்குக் கீழே முளைக்கும் எதையும் நாங்கள் வாயில் வைப்பதில்லை. அந்தச் சரிவில் புல்கூடக் கிடையாது, கருகிய அடிமரங்கள்தான். அதனால்தான் ஒவ்வொரு கோடையிலும் ஏரிகளைத் தாண்டி, காட்டுக்குள் இருக்கும் சதுப்புக்குப் போவோம். பாசி மெத்தைபோலக் கிடக்கும். மோரோஷ்காப் பழம் வாளி வாளியாக நிறையும். ரிம்மாவை வயிற்றில் சுமந்துகொண்டே அங்கே பறித்திருக்கிறேன். இன்று அவள் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊர் மண் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்க, ஒப்பிடுவதற்கு ஒரு சுத்தமான இடம் வேண்டுமாம். எங்கள் சதுப்பைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"ஆலைக்குக் கீழ இருக்கிறதவிட அங்க நிக்கல் அதிகம்மா. செம்பும்தான். மண்ணுல, பாசியில, பழத்துலகூட. மெஷின் கோளாறுன்னு நெனச்சு மறுபடி போய்த் தோண்டி எடுத்துட்டு வந்தேன். இன்னும் கூடுதலாத்தான் காட்டுது. ஆலைப் புகை அவ்வளவு தூரம் போகாது. எப்படின்னே புரியல."

ஜன்னலோரம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த என் கணவர் யெஃபீமின் கத்தி நின்றது.

"புகை இல்ல," என்றார். "நான் கொட்டுனது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எதையோ தரையில் கொட்டிவிட்டார் என்று நினைத்துக் கீழே பார்த்தேன்.

"ஆலையில லாரி ஓட்டுனேன்ல. வடிகட்டியில சேர்ற தூசிய ஏத்திவிட்டு, கண்ணுக்குத் தெரியாத எடத்துல கொட்டிட்டு வான்னாங்க. குளிர்காலத்துல சதுப்பு ஒறஞ்சு ரோடு மாதிரி கெடக்கும். பனி உருகுனதும் எல்லாம் கீழ போயிடுச்சு."

காட்டுக்குள் சதுப்புவரை லாரி போகுமளவுக்கு ஒரு பாதையை யார் போட்டிருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவரிடமே கேட்டிருக்கிறேன்.

"நான் மொத வாளியத் தூக்கிட்டு வந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா வந்த, ஸீனா. அப்புறம் ஊரே போக ஆரம்பிச்சுடுச்சு. இத்தன வருஷத்துல கரைஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன்." கத்தியைக் கீழே வைத்தார். "நானும்தானே தின்னேன். உங்க எல்லாரவிடவும் அதிகமா தின்னேன்."

அது உண்மை. ஜாடியின் அடிவரை வழித்துத் தின்பார். ஆசை என்று நினைத்து அடுத்த ஜாடியையும் அவர் பக்கம் தள்ளியிருக்கிறேன். கை ஓங்கிவிட்டேன். அவர் விலகவில்லை, தலையைக் குனிந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ரிம்மா அழவில்லை. குழந்தையின் வாயை ஈரத்துணியால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கெங்க கொட்டுனீங்கன்னு வந்து காட்டுங்கப்பா. இப்பவே."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சதுப்பில் ஆட்கள் இருந்தார்கள். பக்கத்துவீட்டு க்ளாவ்தியா, அவள் மகன்கள், மருமகள்கள், சுற்றிலும் வாளிகள்.

"இப்பத்தான் வர்றீங்களா? நல்லதெல்லாம் நாங்க பறிச்சாச்சு!" என்று சிரித்தாள் க்ளாவ்தியா. "யெஃபீம், ஏன் மூஞ்சிய ஊறவச்ச காளான் மாதிரி வச்சிருக்க? வா, ஒரு வாளி தர்றேன்."

ரிம்மா வாயைத் திறந்தாள். யெஃபீம் அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு முன்னே நடந்தார். பாசியில் அவர் பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் புதைந்து புதைந்து எழுந்தது. க்ளாவ்தியாவுக்கு எதிரே நின்று தொப்பியைக் கழற்றினார். என்ன சொன்னார் என்று காற்றில் எனக்குக் கேட்கவில்லை. அவர் முதுகும், தொப்பியைப் பிசையும் கைகளும்தான் தெரிந்தன.

க்ளாவ்தியாவின் முகம் தெரிந்தது. பழத்தை மென்றுகொண்டிருந்த தாடை பாதியில் நின்றது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, ஒரு கன்னம் உப்பியபடியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.