துருபினின் ஏழாம் பக்கம்

ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு நடத்திய அடைக்கலமேரிக்குப் பியானோ வாசிக்கத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? ஊரில் பியானோ கிடையாது. திருச்சிராப்பள்ளியில் பிரெஞ்சுக் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்த காலத்தில் கற்றுக்கொண்ட வித்தை அது. ஊருக்குத் திரும்பிய பிறகு மாதா கோயில் ஆர்மோனியம்தான் கதி. ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒரு கைதான் பாடும். இப்படி அரை ஆளாக வாசித்து வாசித்தே அவளுக்கு முப்பத்து நாலு வயதாகிவிட்டது.

யுத்தம் தொடங்கிய மறுவருஷம், ஒரு சாயங்காலம் இருளாண்டி கடையில் பொரிகடலை வாங்கினாள். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தவள் கடலையை மறந்துபோனாள். தாளில் ஐந்தைந்து கோடுகள். கோடுகளின் மேல் கட்டெறும்புச் சாரை மாதிரி சுரங்கள். தலைப்பில் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி நின்ற எழுத்துகள். அதற்கடியில் பிரெஞ்சில் பொடியாக, 'ருஷ்யாவின் லெயோன்தி துருபின் இயற்றியது' என்று இருந்தது. அப்படியொரு பெயரை எந்த சிஸ்டரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

நேரே கோயிலுக்குப் போய் ஆர்மோனியத்தைத் திறந்தாள். முதலில் வலது கைக்கு உண்டானதை வாசித்தாள். பிறகு கையை மாற்றி, இடது கைக்கு உண்டானதை வாசித்தாள். வலது கை கல்யாண வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே நுழைவதுபோல இருந்தது. இடது கை அதே வீட்டிலிருந்து சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுவதுபோல இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வாசலில் மோதிக்கொண்டால் எப்படி இருக்கும்? அந்த நினைப்பில் அன்றைக்கு அவள் சோறு பொங்கவில்லை.

விடிந்ததும் இருளாண்டியிடம் போனாள்.

"அந்தத் தாளு எங்கேருந்து வந்துச்சு?"

"ராயவரத்துல ஒரு ஆச்சி வீட்டுக்கு ரங்கூன்லேருந்து ஒரு வாத்தியப் பெட்டி வந்துச்சாம். அதோட வந்த காகிதம். சந்தையில எடைக்கு வாங்கினேன், டீச்சரம்மா."

"மிச்சத்தை எனக்குக் குடுங்க. பதிலுக்குப் பரீட்சைத் தாள் ஒரு கட்டுத் தாரேன்."

இருளாண்டி யோசித்தான். "இது கெட்டித் தாளு, எண்ணெய் ஊறாது. ஒங்க பிள்ளைங்க தாளு ஒரு பக்கோடாவைத் தாங்குமாம்மா?"

கடைசியில் இரண்டு கட்டுப் பரீட்சைத் தாளுக்குப் பேரம் படிந்தது. ஆனால் இடையிடையே பக்கங்கள் குறைந்தன. அவை ஏற்கெனவே கடுகாகவும் கருப்பட்டியாகவும் ஊருக்குள் போய்விட்டிருந்தன. அடைக்கலமேரி வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஆண்டிச்சாமி வெற்றிலை மடித்து வைத்திருந்ததைக் கொடுத்தார். பொன்னுத்தாய் மட்டும் முடியாது என்றுவிட்டாள். அவள் அந்தத் தாளைச் சுவர் ஓட்டைக்கு ஒட்டியிருந்தாள்.

"இதை ஒட்டினதுலேருந்து எங்க வீட்டுக்காரரு கொறட்டை நின்னு போச்சு டீச்சர். உரிச்சா நான் தூங்க வேண்டாமா?"

தாள் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. டீச்சர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றவாறே அதைப் பார்த்து எழுதினாள். கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஏழாம் பக்கத்தை மட்டும் எங்கே தேடியும் காணோம். அதைப் பொன்னுத்தாயின் ஆடு தின்றுவிட்டதாகக் கடைசியில் தெரிந்தது.

டீச்சரம்மா ருஷ்யாக்காரன் காகிதங்களை வீடு வீடாகச் சேகரிக்கிறாள் என்ற பேச்சு போலீசுக்குப் போகாமல் இருக்குமா? ருஷ்யா என்றாலே சமஸ்தானத்துக்குக் காய்ச்சல் வந்த காலம் அது. இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் ஒரு கான்ஸ்டபிளோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன?"

"சுரமுங்க."

"சிலதுக்கு வால் மேல இருக்கு, சிலதுக்குக் கீழ இருக்கு. யாருக்குச் சைகை?"

"வாசிக்கிறவங்களுக்குத்தாங்க. இந்த எடத்துல மெதுவாப் போகணும்னு எழுதியிருக்கு."

"யார் சொல்றது மெதுவாப் போகச் சொல்லி?"

"துருபின்."

"அவன் இப்ப எங்க இருக்கான்?"

"தெரியாதுங்க. செத்துக்கூடப் போயிருக்கலாம்."

'துரும்பன், தலைமறைவு' என்று எழுதிக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

சங்கீதம்தான் என்று நிரூபிக்கும்படி உத்தரவாயிற்று. "துருத்திக்கு ஆள் இருந்தா ரெண்டு கையாலயும் வாசிப்பேன்" என்றாள் அடைக்கலமேரி. கான்ஸ்டபிள் ராக்கன் துருத்தியைப் பிடித்தான். அவனுக்குத் தெரிந்த தாளம் அணிவகுப்புத் தாளம் ஒன்றுதான். காற்று லெப்ட் ரைட் என்று வந்தது. கல்யாண வீடும் சண்டை வீடும் படையெடுத்தன. இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒரே நேரத்துல ரெண்டு கை ரெண்டு பேச்சுப் பேசுது. இது சங்கீதம் இல்லம்மா. இது சதி."

காகிதக் கட்டைப் பறிமுதல் செய்துகொண்டு போய்விட்டார். அன்றிரவு அடைக்கலமேரி அழுதாள். சிறைக்குப் பயந்து அல்ல. கடைசிப் பக்கத்தை அவள் இன்னும் வாசித்துப் பார்த்திருக்கவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் பழனிச்சாமி கட்டு முழுவதையும் பல பிரதிகள் எடுத்தார். சுற்றுவட்டார ஸ்டேஷன் ஒவ்வொன்றுக்கும் ஒன்று போயிற்று. 'இப்புள்ளிகளின் பொருள் அறிந்தவர் உமது சரகத்தில் உண்டா?' என்று கேள்வி. ஒரு ஸ்டேஷன் இது கோலம் என்று பதில் எழுதியது. இன்னொன்று ஒரு நாயனக்காரரைக் கூப்பிட்டு வைத்தது. அவர் காகிதத்தை முன்னால் விரித்துக்கொண்டு தமக்குத் தெரிந்ததை வாசித்தார். 'ஆட்சேபகரமாக எதுவுமில்லை; லேசாகத் தூக்கம் வருகிறது' என்று அறிக்கை வந்தது. இப்படியாக, சொந்த தேசத்திலேயே நாலு பேருக்குத் தெரிந்திருக்குமோ என்னமோ, அந்தத் துருபினின் பாட்டு ஆவுடையார்கோவில் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஆனி மாதம் உலகம் புரண்டு படுத்தது. ஜெர்மன்காரன் ருஷ்யாவுக்குள் புகுந்தான். ருஷ்யா நமக்கு நேசநாடு என்று மேலிடத்திலிருந்து சேதி வந்தது. மறுவாரமே இன்ஸ்பெக்டர் ஆவூருக்கு வந்தார். ராக்கன் கையில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் காகிதக் கட்டு. கட்டின் மேல் ஒரு முழம் மல்லிகை.

"டீச்சரம்மா சௌக்கியமா இருக்கீங்களா? யுத்த நிதிக் கூட்டத்துல நம்ம துருபின் துரை பாட்டை நீங்கதான் வாசிக்கணும். ராயவரத்து ஆச்சி வீட்டுப் பியானோப் பெட்டியைக் கொண்டாந்துரலாம்."

ராயவரத்தில் அமிர்தவல்லி ஆச்சி பெட்டியைத் தரச் சம்மதித்தார். ஆனால் நகர்த்த விடவில்லை. பியானோவின் அடிப்பலகைக்குப் பின்னால் பூனை குட்டி போட்டிருந்தது.

"கண்ணு தொறக்காத குட்டிய எடம் மாத்துனா பாவமுங்க. பெட்டி வேணும்னா எடுத்துக்கங்க. பூனை இருக்கிற எடம் அப்படியே இருக்கணும்."

இன்ஸ்பெக்டர் அரை நாள் முழுக்க இந்த வாக்கியத்துக்கு வழி தேடினார். கிடைக்கவில்லை. கூட்டமே ஆச்சி வீட்டு உள்முற்றமான வளவுக்கு மாறியது. காரணத்தைப் பூனை என்று எழுத முடியாமல், 'பாதுகாப்பை முன்னிட்டு' என்று நோட்டீஸ் அடித்தார்கள்.

அன்றைக்கு அதிகாரிகள், மிராசுதார்கள், ராயவரம் ஜனங்கள், ஆவூரிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் என்று வளவு நிரம்பி வழிந்தது. பியானோவில் பல கட்டைகள் அமுக்கினால் எழும்பாது. அதற்கென்று ராக்கனைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். விழுந்த கட்டையை விரலால் நெம்பி நிமிர்த்துவது அவன் பொறுப்பு. இன்ஸ்பெக்டர், "நமது அருமை நண்பர் துருபின் துரையவர்கள்" என்று தொடங்கி, அவருக்கு எல்லா நற்குணங்களையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அடைக்கலமேரி இரண்டு கைகளையும் வைத்தாள். கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவனும் சண்டை போட்டு வெளியேறுகிறவனும் வாசலில் முட்டிக்கொண்டார்கள், கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சுருதி கெட்ட பெட்டிதான். ஆனாலும் இவ்வளவு காலம் ஒற்றைக் காலில் நொண்டியவள் திடீரென்று ஓடுவதுபோல இருந்தது. பூனை ஒரு தடவை வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

ஆறாம் பக்கம் முடிந்ததும் கையை எடுத்தாள். "இங்க ஒரு பக்கம் இல்லீங்க. ஆடு தின்னுருச்சு."

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. மேலதிகாரிகள் முன்னாலா பக்கம் குறைவது? "நம்ம ஸ்டேஷன் பிரதியில ஒரு பக்கமும் குறையல. கொண்டாங்க அதை!"

பிரதி வந்தது. ஏழாம் பக்கம் இருந்தது. அடைக்கலமேரி பார்த்தாள். கோடுகள் ரூல்தடி வைத்து இழுத்த நேர்க்கோடுகள். புள்ளிகள் நாற்று நட்டதுபோல வரிசையாக இருந்தன. வால்கள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பாரபட்சமில்லாமல் மாறி மாறி. நிமிர்ந்தாள். வாசற்படியில் பாரா நின்ற ரைட்டர் பழனிச்சாமி, இடுப்புக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் இரண்டு கைகளையும் கூப்பினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆறுக்கு அப்புறம் எட்டு இருந்தால், ஏழு எங்கே என்று ரைட்டரைத்தான் கேட்பார்கள். கேட்பதற்கு முன் அவரே ஒரு ஏழு எழுதிவிட்டார்.

இது துருபின் எழுதியதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் துருபின் போய்விடுவார். துருபின் பாவம், தாங்கிக்கொள்வார் என்று முடிவு செய்து, ஏழாம் பக்கத்தை வாசித்தாள்.

மழை நாளில் தகரக் கூரைமேல் குரங்குகள் ஓடின மாதிரி இருந்தது அது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் பேச்சு வார்த்தையே இல்லை. ராக்கன் கட்டைகளை நெம்பி நெம்பி வியர்த்து வழிந்தான். அவள் அதை முடித்து, எட்டாம் பக்கத்தில் துருபினைத் தேடிப் பிடித்து, ஒருவழியாகக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையிலிருந்த மிராசுதார் எழுந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல தடதடன்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதுதான் ருஷ்யா! அதை மட்டும் இன்னொருக்கா வாசிங்கம்மா."

இன்னொரு தடவை வாசித்தாள். அதன்பிறகும் ஒரு தடவை கேட்டார்கள். யுத்த நிதி எதிர்பார்த்ததற்குமேல் சேர்ந்தது.

அப்புறம் அடைக்கலமேரி பொறுமையாக உட்கார்ந்து முழுப் பாட்டையும் நகல் எடுத்தாள். தன் பழைய சிஸ்டருக்கு ஒன்று, நாகப்பட்டினத்தில் கோயில் ஆர்கன் வாசிப்பவருக்கு ஒன்று, கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்று என்று அனுப்பினாள். ஏழாம் பக்கத்தின் தலைப்பில் மட்டும், மனசாட்சிக்குப் பயந்து, 'பழனிச்சாமி இயற்றியது' என்று எழுதினாள். 'துருபின் சுமார்தான். பழனிச்சாமி என்பவர் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா?' என்று நாகப்பட்டினத்திலிருந்து கேட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம், பழனிச்சாமி சாதா வேட்டி சட்டையில் கோயில் வாசலில் வந்து நின்றார்.

"அன்னிக்கிப் பயத்துல காது அடைச்சுப் போச்சுங்க. ஒண்ணுமே விழல. நான் எழுதுனதை ஒரு தடவ வாசிச்சுக் காட்டுறீங்களா?"

அவரையே துருத்தி போடச் சொல்லி வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்து, தயங்கித் தயங்கி ஒரு புள்ளியைத் தொட்டார்.

"இது ஒண்ண மட்டும் கொஞ்சம் மேல தூக்கி வச்சா எப்படிங்க இருக்கும்?"

தூக்கி வைத்து வாசித்தாள். முன்னைவிட மோசமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய புள்ளியை அழித்துப் புதிய புள்ளியை வைத்தாள்.