கண்ணாடிக்குச் சொன்ன விளக்கம்

என் வீட்டுக்காரர் ஜெபசீலன் நாகர்கோவிலில் முப்பது வருஷம் விலங்கியல் பாடம் நடத்தியவர். எங்கள் கிறிஸ்தவ சபைக் கமிட்டியிலும் உண்டு. மகள் ஜாஸ்பின், அஞ்சுகிராமத்துச் சுயம்புராஜைத்தான் கட்டுவேன் என்றாள். அவன் அய்யாவழி. அவர்கள் கும்பிடும் இடமான தாங்கலில் சிலை கிடையாது. ஆண்கள் தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நின்று கும்பிடுவார்கள். பெண் கேட்டு வீட்டுக்கு வந்தவனிடம், அது வெறும் பிரமை என்று இவர் சொல்லப்போய்ப் பேச்சு வளர்ந்தது.

"அம்மைக்க ஆப்பரேஷன் அன்னைக்குக் கண்ணாடி முன்னால நின்னேன். பயப்படாதேன்னு சத்தம் கேட்டுது. நான் பொய் சொல்லல, சார்" என்றான் அவன்.

"பொய்யின்னு ஆரு சொன்னா மக்கா? நீ கேட்டது நிஜம். ஆனா அது மூளைக்க வேலை. பயத்துல மனசு கேக்க ஆசப்படுறத மூளையே சத்தமாக்கித் தரும். சின்னப் பிராயத்துல பழகின சாமிக்க பேருல தரும்."

பையன் பாதிக் காப்பியோடு எழுந்து போனான். ஜாஸ்பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சிப்ஸ் தட்டோடு நான் அங்கேயே நின்றேன்.

எங்கள் மூத்தவன் பெனிஷ் நாலு வயசில் குளத்தில் மூழ்கிப் போனான். மூன்றாம் நாள் எங்கள் வேதக்கோயில் கடைசி பெஞ்சில் கிடந்து அழுதபோது, 'அவன் என்னிடம் இருக்கிறான்' என்று என் காதில் விழுந்தது. இருபத்தாறு வருஷமாக அந்த ஒரு வார்த்தையில்தான் உயிர் வாழ்கிறேன். வருஷம்தோறும் சபை கூடி விருந்துண்ணும் அசன நாள் ஆராதனையில் அதைச் சாட்சியாகச் சொல்ல என்னை எழுப்பிவிடுவதும் இவர்தான்.

"நான் கேட்டதும் மூளைக்க வேலையா?" என்றேன்.

"அது வேற, லீலா."

எப்படி வேறு என்று கேட்டேன். தேவன் மூளை வழியாகவும் பேசுவார் என்றார். அப்படியென்றால் தாங்கலிலும் அவரே பேசியிருக்கலாமே என்றேன். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இத்தனை படித்தவருக்கும் அவ்வளவுதான் நியாயம்.

கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. தான் ஜெயித்ததாகவே அவர் நினைத்திருந்தார்.

இந்த வருஷமும் அசனத்துக்கு ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. சபைப் போதகரான ஐயர் சாட்சி சொல்ல அழைத்ததும், ஆண்கள் பக்கமிருந்து இவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் என்ன சொல்வேன்? என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று இப்போது எனக்குத் தெரியாது.