மகாராணியின் மூன்றாவது வண்டி

தான் செய்த கதவு கோணலாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், உங்கள் சுவர்தான் கோணல் என்று சாதிக்கிற ஆள் அந்த வெல்டர். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாய்க்கு வண்டி செய்து இரண்டு தடவை தோற்றுப் போனார் என்றால், தெருவுக்கு எவ்வளவு கொண்டாட்டமாக இருந்திருக்கும்!

ரயில் பாதை ஓரத்தில் கிடந்த நாயைத் தூக்கி வந்தவர் அவர்தான். பின்னங்கால் இரண்டும் நசுங்கியிருந்தன. கால்நடை டாக்டரம்மா இரண்டையும் எடுத்துவிட்டு, "பிழைச்சுக்கும். நீங்கதான் பாத்துக்கணும்" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். பட்டறை மூலையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார். இருந்த இடத்துக்கே சாப்பாடு வந்ததால், அவருடைய மச்சினன் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தான்.

பாதிப் பட்டறை மச்சினனுடையது. கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. லோடு லாரி பட்டறைக்குள் பின்பக்கமாக வரும்போதெல்லாம் அவன் கண் அந்தச் சாக்கின் மேல்தான் இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான்.

"மாமா, கால் ரெண்டும் நல்லா இருக்கிற நமக்கே இங்க அப்பப்ப அடிபடுது. அது எப்படி விலகும்? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். லாரி வந்தா தானா விலகத் தெரியணும். இல்லைன்னா காப்பகத்துல கொண்டு போய் விட்டுடுவேன். என் கண்ணு முன்னாடி அது சாகறதை என்னால பாக்க முடியாது."

"அதை எங்கயும் விடமாட்டேன். வண்டி செஞ்சு ஓட வைக்கிறேன் பாரு."

மச்சினன் சொன்னதில் நியாயம் இருந்தது. வெல்டருக்கு எரிச்சலே அதில்தான்.

முதல் வண்டியை வீட்டு கேட்டுக்குப் போடுகிற கனத்த கம்பியிலேயே செய்துவிட்டார். அதை இழுக்க ஒரு குதிரை வேண்டும். இரண்டாவது லேசாகத்தான் இருந்தது, ஆனால் திரும்பினால் குப்புறக் கவிழ்ந்தது. மூன்றாவதுக்கு அலுமினியக் குழாய், குழந்தை வண்டிச் சக்கரம், மனைவி மெத்தை உறையில் தைத்துக் கொடுத்த இடுப்புப் பட்டை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். வண்டியில் பூட்டப்பட்ட மகாராணியோ, பிடிக்காத வீட்டு விருந்துக்கு வந்த சித்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓர் அடிகூட நகராமல் நின்றாள்.

போதாக்குறைக்கு ஒரு பூனைத் தொல்லை வேறு. காலையில் பட்டறையைத் திறந்தால் மகாராணியின் தட்டு வாசல் பக்கம் கிடக்கும். மாமனும் மச்சினனும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், அந்தப் பூனையைத் திட்டுவதுதான்.

சனிக்கிழமை குழாய் லோடு வந்தது. லாரிக்காரர் அவசரப்பட்டுக் கயிற்றை அவிழ்த்தார். கட்டு சரியத் தொடங்கியது. நேர் கீழே, வெல்டர் வண்டியில் பூட்டி நிறுத்தியிருந்த மகாராணி. வண்டியின் சக்கரத்தில் வெல்டிங் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தது.

வெல்டர் முகமூடியை வீசி எறிந்துவிட்டு ஓடினார். மச்சினன் அவருக்கு முன்னால் ஓடினான். இருவருக்கும் எட்டாது என்று இருவருக்கும் தெரிந்தது.

மகாராணி தலையைத் தாழ்த்தி நெஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தாள். காலில்லாத இடுப்பில் பட்டை எவ்வளவு நேரம் நிற்கும்? நழுவியது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, உடம்பின் பின்பாதியை அப்படியே அந்தரத்தில் தூக்கிக்கொண்டு ஓடினாள். தட்டுத் தடுமாறி இல்லை. கிரைண்டரைத் தாண்டி, கட்டிங் மெஷினைச் சுற்றி, மூலையில் ஒரு திருப்பம் திரும்பி, சாக்கில் போய் உட்கார்ந்தாள். பின்னால் குழாய்கள் மடமடவென்று விழுந்தன. மூன்றாவது வண்டி தகடாகிவிட்டது.

அந்தத் திருப்பம் அன்றைக்குக் கற்றது இல்லை என்று வெல்டருக்குப் பார்த்த மாத்திரத்திலேயே புரிந்தது. கதவைப் பூட்டிவிட்டு அவர்கள் போன பிறகு, கேட்க ஆளில்லாத இடத்தில், விழுந்து விழுந்து அவளாகவே பழகியிருக்கிறாள். தட்டை வாசல் வரை தள்ளிக்கொண்டு போனதும் அவள்தான். பாவம், பூனை.

மச்சினன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் மாமா, இவ்வளவு நாளா நமக்கு ஏன் காட்டல?"

"நீ மூணு வேளையும் படுக்கைக்கே கொண்டு போய்க் கொடுத்தா, எந்த மகாராணி எழுந்து வருவா மாப்பிள்ளை?"

அவ்வளவு பாடுபட்டுச் செய்த வண்டி நசுங்கிக் கிடந்ததில் வெல்டருக்குத் துளி வருத்தம் இல்லை. பெருமையாக இருந்தது. தான் செய்த எந்தக் கதவைப் பார்த்தும், எந்த ஜன்னலைப் பார்த்தும் அப்படியொரு பெருமை அவருக்கு வந்ததில்லை. இதில் தன் கைவேலை கொஞ்சமும் இல்லை என்பதே கூடுதல் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. காப்பகம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை, கேட் எடுக்க வந்த ஒருவர் மகாராணியைப் பார்த்து வழியிலேயே நின்றுவிட்டார். "ஐயோ பாவம்" என்று குனிந்து கையை நீட்டினார். வெல்டர் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் உள்ளேயிருந்து கத்தினான்.

"பாவம்லாம் அப்புறம் பாக்கலாம். அது அவ வர்ற வழி சார். கொஞ்சம் விலகி நில்லுங்க, இடிச்சா நீங்கதான் விழுவீங்க!"

அவர் விலகி நின்றார்.